இணையப் பக்கமும் மின்னஞ்சலும்: செய்முறைத் தேர்வுக்குத் தயாராகும் நெல்லை மாணவர்களுக்கு

பாளையங்கோட்டையில் இளநிலைக் கணினி அறிவியல் முடித்த பிறகு நான் எழுதிய வேலைத் தேர்வில் வினாத்தாள் என்று ஒன்றும் இல்லை. காலையில் ஒரு வடிவமைப்புப் படத்தைத் தந்து, மதியச் சாப்பாட்டுக்கு முன் அதைத் தரநிலைக்கு (இணையப் பக்கங்களுக்கென வகுத்த பொது விதிகளுக்கு) உட்பட்ட இணையப் பக்கமாகவும், மாலைக்குள் அதே உள்ளடக்கத்தை எச்.டி.எம்.எல். (இணையப் பக்கங்களை எழுதும் குறிமொழி) மின்னஞ்சலாகவும் ஆக்கித் தரச் சொன்னார்கள். அதன்பின் வாய்மொழித் தேர்வு நடந்தது. அந்தப் பணியில் சேர்ந்து, இன்று அதே தேர்வுக்கு வருபவர்களின் விடைகளைப் பார்க்கும் இடத்தில் இருக்கிறேன். அம்பாசமுத்திரம், வள்ளியூர், சங்கரன்கோவில் பக்கங்களிலிருந்து வண்ணார்பேட்டைப் பயிற்சி வகுப்புகளுக்குப் பஸ் ஏறி வந்து படிக்கும் பிள்ளைகள் இணையப் பக்கத்தை நேர்த்தியாகவே செய்கிறார்கள். மின்னஞ்சலுக்கு வந்ததும், அதே கோப்பை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டு, அவுட்லுக் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் அது சிதறிக் கிடப்பதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள்.

இணையப் பக்கத்தில் தரநிலையை விட்டு விலக வேண்டிய தேவை அநேகமாக வருவதில்லை. மின்னஞ்சலில் விலகாமல் வேலை நடப்பதில்லை. விலகும் ஒவ்வோர் இடத்துக்கும் உங்களிடம் காரணம் இருக்கிறதா என்பதைத்தான் தேர்வாளர் பார்க்கிறார். ஆகவே இரண்டையும் ஒரே பாடமாகப் படிக்காமல் தனித்தனிப் பாடங்களாகப் படியுங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள்.

இணையப் பக்கத்தைப் பொறுத்தவரை, கல்லூரி ரெக்கார்டு நோட்டில் எழுதிய பிரேம்செட், மார்க்கீ, சென்டர், பான்ட் ஆகிய டேக்குகளை (எச்.டி.எம்.எல். கட்டளைக் குறிகளை) மறந்துவிடுவது நல்லது. அவையெல்லாம் இன்றைய தரநிலையில் வழக்கொழிந்தவை. எச்.டி.எம்.எல். 4.01 வந்தது 1999 டிசம்பரில், எச்.டி.எம்.எல்.5, இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் பரிந்துரையானது 2014 அக்டோபரில். 2019இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொடர்ந்து திருத்தப்பட்டு வரும் டபிள்யூ.எச்.ஏ.டி.டபிள்யூ.ஜி. என்ற, பிரவுசர் நிறுவனங்கள் நடத்தும் குழுவின் ஆவணமே நடப்புத் தரநிலை. இதை வாய்மொழித் தேர்வில் கேட்பதுண்டு. முதல் வரியில் டாக்டைப் (ஆவண வகை அறிவிப்பு) ஏன் வேண்டும் என்றும் கேட்பார்கள்: அது இல்லையென்றால் பிரவுசர் பழைய காலத்துப் பக்கம் என்று எண்ணி க்வர்க்ஸ் மோடு என்ற பழைய முறைக்குப் போய்விடும், உயர அகலக் கணக்குகள் மாறும் என்று நேராகச் சொன்னால் போதும்.

தரநிலைப் பிழைகளைச் சோதிக்கும் வேலிடேட்டரில் பிழை இல்லை என்று காட்டுவதோடு வேலை முடிந்ததாக எண்ண வேண்டாம். படத்துக்கு மாற்று உரை (படம் தெரியாதபோது அதற்குப் பதிலாக வரும் சொற்கள்) இருக்கிறதா என்று அந்த மென்பொருள் பார்க்கும். அந்த உரை பொருளுள்ளதா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவுக்குக் குறையக் கூடாது, பெரிய எழுத்துக்கு 3க்கு 1 போதும் என்று டபிள்யூ.சி.ஏ.ஜி. அணுகல் வழிகாட்டி சொல்கிறது. தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னும் ஒன்று உண்டு: வடிவமைப்புப் படம் பெரும்பாலும் ஆங்கிலச் சொற்களை வைத்து வரையப்பட்டிருக்கும். இரண்டெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு அளவெடுத்த பொத்தானில் 'உறுதிப்படுத்துக' என்று எழுதினால் அது வெளியே வழிந்துவிடும். பொத்தானுக்கும் பெட்டிக்கும் உயரத்தையும் அகலத்தையும் பிக்சலில் கட்டிப்போடாமல், உள்ளிருக்கும் எழுத்துக்கு ஏற்ப வளரவிடுங்கள். 320 பிக்சல் அகலத்தில் பக்கவாட்டில் நகர்த்தாமல் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

பாளையங்கோட்டையில் நூறாண்டுகளுக்கு மேலாகப் பார்வையற்றோர் பள்ளி நடந்துவருவதை நாம் எல்லோரும் அறிவோம். அங்கே படித்தவர்கள் நம் ஊரில் வங்கியிலும் அரசு அலுவலகத்திலும் பள்ளிகளிலும் வேலை பார்க்கிறார்கள். நாம் செய்யும் பக்கத்தை அவர்கள் திரையிலுள்ளதைப் படித்துக்காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள் வழியாகக் கேட்கிறார்கள். என்.வி.டி.ஏ. என்ற திரைவாசிப்பான் இலவசம், அதனுடன் வரும் ஈஸ்பீக் குரலில் தமிழும் உண்டு. தேர்வுக்கு முன் அதை நிறுவி, திரையை அணைத்துவிட்டு, உங்கள் பக்கத்தை விசைப்பலகையால் மட்டும் கடந்து பாருங்கள். பக்கத்தின் மொழி தமிழ் என்று மேலே அறிவித்திருந்தால்தான், தானாக மொழி மாறும் வசதி தமிழ்க் குரலை எடுக்கும். படிவத்தில் பெட்டிக்கு மேலே வெறுமனே 'கைபேசி எண்' என்று எழுதிவிட்டு லேபிள் டேக்கால் அதைப் பெட்டியோடு இணைக்காமல் விட்டால், என்ன தட்டச்சு செய்ய வேண்டும் என்றே கேட்பவருக்குத் தெரியாது. இந்தப் பயிற்சி கற்றுத்தருவதை எந்தப் பாடநூலும் எனக்குக் கற்றுத்தரவில்லை.

இனி மின்னஞ்சல். நான் புதியவர்களுக்குத் தரும் பயிற்சி வினா ஒன்றையே எடுத்துக்கொள்வோம்: பத்தமடைப் பாய் விற்கும் ஒரு கடையின் ஆர்டர் உறுதிக் கடிதம். மேலே கடையின் பெயர், கீழே பாயின் படம், அதன்கீழ் வாங்கிய பொருள்களின் விலைப்பட்டியல், ஒரு பொத்தான், கடைசியில் முகவரியும், இனிக் கடிதம் வேண்டாம் என்று விலகுவதற்கான இணைப்பும்.

அவுட்லுக் 2007 முதல் விண்டோஸின் பழைய அவுட்லுக் பதிப்புகள் மின்னஞ்சலைக் காட்டுவது பிரவுசர் பொறியால் அல்ல, வேர்டு மென்பொருளின் பொறியால். பெட்டிகளை அடுக்கும் புதிய முறைகளான பிளெக்ஸ், கிரிட் எதுவும் அதற்குத் தெரியாது, அதிகபட்ச அகலத்தைக் குறிக்கும் மேக்ஸ்-விட்த் எடுபடாது, இணைப்பு டேக்குக்குத் தந்த பேடிங்கை (எழுத்தைச் சுற்றி விடும் உள்ளிடைவெளியை) விட்டுவிடும், படத்தின் அகலத்தை ஸ்டைலில் எழுதினால் பார்க்காது, டேக்கிலேயே விட்த் என்ற பண்பாக எண்ணைத் தந்தால்தான் பார்க்கும். புதிய அவுட்லுக் பிரவுசர் வழியில் வந்துவிட்டது, ஆனால் அலுவலகக் கணினிகளில் பழையது இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே கட்டமைப்புக்கு 600 பிக்சல் அகலமுள்ள டேபிள், அதற்குள் டேபிள், பொத்தானுக்கு நிறமும் பேடிங்கும் டேபிளின் செல்லில், ஸ்டைல்கள் ஒவ்வொரு டேக்கிலும் இன்லைனாக (டேக்குக்குள்ளேயே எழுதி) என்று, இணையப் பக்கத்தில் செய்யக் கூடாது என்று சொன்னவற்றையே இங்கே செய்கிறோம். பிஜிகலர், அலைன் போன்ற பண்புகளை எழுதினால் வேலிடேட்டர் பிழை என்று காட்டும். காட்டட்டும், அந்தப் பிழையை ஏன் விட்டுவைத்திருக்கிறீர்கள் என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் போதும்.

இந்த வினாவை நான் விரும்பித் தருவதற்குக் காரணம் விலைப்பட்டியல்தான். கடிதத்தில் இருவகை டேபிள்கள் இருக்கின்றன. இடத்தை ஒழுங்கு செய்வதற்காக மட்டும் போட்ட டேபிளுக்கு ரோல் என்ற பண்பில் பிரசன்டேஷன் என்று தர வேண்டும். இல்லையென்றால் திரைவாசிப்பான் வரிசை எண்ணும் நிரல் எண்ணும் சொல்லிக்கொண்டே போய்க் கேட்பவரைக் களைப்பாக்கிவிடும். ஆனால் பொருள், எண்ணிக்கை, விலை என்று தலைப்புள்ள பட்டியல் உண்மையான தரவு டேபிள். அதற்கு அந்தப் பண்பைத் தரக் கூடாது; தலைப்புச் செல்களைத் தலைப்புச் செல்களாகவே எழுதி, எந்தத் திசைக்கு உரியவை என்றும் குறிக்க வேண்டும். எல்லா டேபிள்களுக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரசன்டேஷன் என்று ஒட்டிவிடுபவர்களே அதிகம். இரண்டையும் பிரித்துச் செய்த ஒருவரின் விடையைப் பார்த்தால், மற்றச் சிறு குறைகளை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

எழுத்துருவில் பேராசைப்பட வேண்டாம். ஜிமெயில் நீங்கள் இணைக்கும் வெப் பான்டை (இணையத்திலிருந்து இறக்கப்படும் எழுத்துருவை) ஏற்காது. விண்டோஸில் நிர்மலா யூஐ, அதற்கு முந்தையவற்றில் லதா, ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் என்று சாதனத்தில் இருப்பதை வைத்தே காட்டப்படும். அந்தப் பெயர்களை வரிசையாகத் தந்துவிடுங்கள். ஆங்கில வார்ப்புருக்களில் வரி உயரத்தைத் துல்லியமாகக் கட்டுப்படுத்த அவுட்லுக்குக்கென்று ஒரு கட்டளை எழுதியிருப்பார்கள்; அதை அப்படியே தமிழுக்கு எடுத்தால் மேலே வளைந்து ஏறும் ஈகாரக் கொம்பும் கீழே இறங்கும் ஊகாரச் சுழியும் வெட்டுப்படும். எழுத்தளவைப் போல் 1.6 மடங்காவது வரி உயரம் தாருங்கள்.

ஜிமெயில் ஏறத்தாழ 102 கிலோபைட்டுக்கு மேல் போகும் கடிதத்தைப் பாதியில் நிறுத்தி, முழுவதையும் பார்க்க ஓர் இணைப்பை மட்டும் காட்டுகிறது. கடைசியிலுள்ள விலகும் இணைப்பு அப்போது மறைந்துபோகிறது. தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் யூ.டி.எஃப்.-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் 3 பைட் என்பதால் தமிழ்க் கடிதம் எப்போதும் எல்லை தாண்டிவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் தேவையில்லை. எடை கூடுவது அடுக்கடுக்கான டேபிள்களாலும் திரும்பத் திரும்ப எழுதும் இன்லைன் ஸ்டைல்களாலும்தான். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: சில கருவிகள் 'த' என்ற எழுத்தை 2980 என்ற எண்ணாக, முன்னும் பின்னும் குறிகளோடு மாற்றி எழுதிவிடுகின்றன; 3 பைட்டில் முடிய வேண்டியது 7 பைட் ஆகிறது. எழுத்தை எழுத்தாகவே விட்டுவைக்கும்படி கருவியின் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள்.

தமிழில் அனுப்பும்போது மிகுந்த கவனம் வேண்டிய இடம் பொருள் வரி (சப்ஜெக்ட்). மின்னஞ்சலின் தலைப்பகுதி ஆஸ்கி எழுத்துகளுக்காக (ஆங்கில எழுத்து, எண், அடிப்படைக் குறிகள்) உருவானது. பிற எழுத்துகளை எப்படிப் பொதிந்து அனுப்புவது என்பதை 1996இல் வந்த ஆர்.எஃப்.சி. 2047 என்ற இணைய விதி ஆவணம் வகுத்தது. அதன்படி பொதிந்த துண்டு ஒவ்வொன்றும் 75 எழுத்துகளுக்கு மேல் போகக் கூடாது. யூ.டி.எஃப்.-8, பேஸ்64 (3 பைட்டை 4 ஆஸ்கி எழுத்துகளாக்கும் முறை) என்று அறிவிக்கும் முன்னொட்டும் பின்னொட்டும் 12 இடங்களை எடுத்துக்கொள்ள, மிச்சம் 63. பேஸ்64 நான்கு நான்காகச் செல்வதால் பயன்படுவது 60. அதில் அடங்குவது 45 பைட், அதாவது 15 தமிழ்க் குறிகள்.

'திருநெல்வேலி ஆர்டர்' என்று பொருள் வரி தொடங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஆறு எழுத்தாகத் தெரியும் 'திருநெல்வேலி', எழுத்துகளுக்கு எண் தரும் யூனிகோடில், மெய்யும் அதன்மேல் வரும் உயிர்க்குறியும் தனித்தனியாக எண்ணப்படுவதால், 12 குறிகள், 36 பைட். இடைவெளி 1 பைட், 'ஆ' 3 பைட், 'ர' 3 பைட், கூட்டினால் 43. அடுத்து வரும் புள்ளிக்கு 3 பைட் வேண்டும், துண்டில் மிச்சமிருப்பது 2. எழுத்தெல்லை பாராமல் 45ஆவது பைட்டில் வெட்டும் நிரலாக இருந்தால், புள்ளியின் இரண்டு பைட் ஒரு துண்டிலும் மூன்றாவது அடுத்த துண்டிலும் போய்விழும். பெறுபவரின் பெட்டியில் 'ஆர'வுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி பதித்த கறுப்புச் சாய்சதுரங்கள் நிற்கும். ஓர் எழுத்துக் குறியை இரு துண்டுகளுக்கு இடையில் பிரிக்கக் கூடாது என்று அந்த ஆவணமே சொல்லியிருக்கிறது. ஆகவே பொருள் வரியைக் கையால் வெட்டி ஒட்டாமல், பைத்தானின் இமெயில் தொகுப்பைப் போல இந்த விதியை அறிந்த நூலகத்திடம் விட்டுவிடுங்கள். ஆனால் அது என்ன செய்கிறது என்பதைத் தாளில் ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்தக் கணக்கைச் சொல்லத் தெரிந்தவரை வாய்மொழித் தேர்வில் தனியாகக் கவனிப்பார்கள்.

எச்.டி.எம்.எல். வடிவத்தோடு வெற்று உரை வடிவம் ஒன்றையும் சேர்த்து அனுப்புவதும், அனுப்புநரை உறுதிசெய்யும் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம்., டிமார்க் ஆகியவற்றின் பொருளும் தெரிந்திருக்க வேண்டும். ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புபவர்களிடம் இவற்றையும், விளம்பரக் கடிதங்களில் ஒரே சொடுக்கில் விலகும் வசதியையும் கூகுள் 2024 முதல் கேட்கிறது.

சோதித்துப் பார்ப்பதற்குக் கட்டணக் கருவிகள் இருக்கின்றன, மாணவர்களுக்கு அவை எட்டாது. வீட்டிலிருப்பவர்களின் சாதனங்களே போதும். சித்தப்பாவின் அலுவலகக் கணினியில் அவுட்லுக், அக்காவின் கைபேசியில் ஜிமெயில், அத்தானிடம் ஐபோன் இருந்தால் அதில் ஆப்பிள் மெயில் என்று அனுப்பி, திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். படங்களைத் தடுத்துவைத்த நிலையிலும் ஒரு படம் கேளுங்கள். பாயின் படம் தெரியாதபோது 'பத்தமடைக் கோரைப் பாய், சிவப்புக் கரை' என்ற மாற்று உரை கடிதத்தைத் தாங்கி நிற்கிறதா என்று அப்போது தெரியும்.

தேர்வில் விடையுடன் ஒரு குறிப்புக் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள், கேட்காவிட்டாலும். தரநிலையிலிருந்து விலகிய இடம், எந்த மென்பொருளுக்காக விலகினீர்கள், அந்த மென்பொருள் மறைந்தால் எதை நீக்கலாம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதினால் போதும். 'இங்கே ஏன் டேபிள் போட்டீர்கள்?' என்று தேர்வாளர் கேட்கும்போது, 'எல்லாரும் அப்படித்தான் செய்கிறார்கள், சார்' என்ற பதிலோடு நிற்பவருக்கும், அந்தக் கோப்பைத் திறந்து காட்டுபவருக்கும் மதிப்பெண்ணில் பெரிய வேறுபாடு இருக்கும். கோப்பைத் தமிழில் எழுதுவதானால் யூ.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமியுங்கள். தேர்வுக்கூடத்துக் கணினியில் பழைய விண்டோஸ் இருந்தால் நோட்பேடு ஆன்சி என்ற பழைய குறியாக்கத்தையே முதலில் காட்டும், அப்படியே சேமித்தால் எழுதியதெல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடும்.