28 அளவுகளும் ஒரு பழைய பிரசவமும்

மாதவிலக்கு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. பின்னந்தலை கனம், படபடப்பு, திடீரென்று உடம்பெல்லாம் சூடு பரவி வியர்ப்பது, எல்லாவற்றையும் ‘இந்த வயசுக்கு இப்படித்தான்’ என்ற கணக்கிலேயே எழுதிக்கொண்டிருந்தேன். வேறு எதற்கோ ஆஸ்பத்திரி போனபோது சும்மா பிபி பார்த்தார்கள். 158/94.

டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. வீட்டிலேயே மெஷின் வைத்து 7 நாள், காலையில் 2 தடவை, மாலையில் 2 தடவை பார்த்து எழுதி வரச் சொன்னார். முதல் நாள் கால்மேல் கால் போட்டு, போனில் பேசிக்கொண்டே பார்த்தேன். 162! அப்புறம்தான் முறையாகச் செய்தேன்: சிறுநீர் கழித்துவிட்டு வந்து, முதுகைச் சாய்த்து, பாதம் தரையில் பட, 5 நிமிடம் வாய் திறக்காமல் உட்கார்ந்து, பட்டை கட்டிய கையை நெஞ்சு உயரத்தில் மேஜைமேல் வைத்து. பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டம்.

மொத்தம் 28 அளவுகள். முதல் நாளின் நான்கையும் டாக்டர் கோடு போட்டு அடித்துவிட்டார். மிச்சத்தின் சராசரி 146/89. வீட்டில் பார்க்கும்போது சராசரி 135/85-ஐத் தொட்டாலே உயர் ரத்த அழுத்தம்தானாம்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். “கர்ப்பமா இருந்தப்ப பிபி ஏறுச்சாம்மா?”

26 வருடத்துக்கு முந்தைய கதை. எட்டாம் மாதம் கால் வீங்கி, விரல் வீங்கி, மோதிரத்தைச் சோப்புப் போட்டுத்தான் கழற்றினோம். பிரசவத்துக்குப் பின் பிபி இறங்கிவிட்டது, நானும் மறந்துவிட்டேன். அப்படி ஏறியவர்களுக்குப் பிற்காலத்தில் பிபி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட நன்றாகவே அதிகம் என்றார். இதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்திருப்பேனே! அந்த ஆற்றாமை இன்னும் போகவில்லை.

மாதவிலக்கு நின்றதுதான் காரணமா என்று கேட்டேன். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் ரத்தக்குழாய்களைத் தளர்வாக வைக்க உதவும். மாதவிலக்கு நின்று அது குறைந்தபின் குழாய் விறைக்கிறது, உப்பு முன்னைவிடச் சீக்கிரம் பிபியை ஏற்றுகிறது, கொழுப்பு இடுப்பை விட்டு வயிற்றில் சேர்கிறது. ஆனால் வயதும் கூடவே ஏறுவதால் எது எவ்வளவு என்று பிரிப்பது கடினம் என்றார். குடும்பத்தில் யாருக்காவது பிபி உண்டா, குறட்டை விடுவீர்களா என்றும் விசாரித்தார். குறட்டைக்கு நான் இல்லை என்றேன், என் கணவர் ஆமாம் என்றார்.

நான் எதிர்பார்க்காதது முழங்கால் வலி மாத்திரை. மாதக்கணக்கில் நானாகவே டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டிருந்தேன். அதுவும் பிபியை ஏற்றுமாம். அன்றே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

ரத்தம், சிறுநீர், ஈசிஜி எல்லாம் பார்த்து அம்லோடிபின் என்ற பிபி மாத்திரையை ஆரம்பித்தார். மூன்றாவது வாரம் கணுக்கால் வீங்கியது. நானாக நிறுத்தாமல் போய்க் காட்டினேன், மாத்திரையை மாற்றினார். இப்போது வீட்டில் 128/80 பக்கம் நிற்கிறது.

போன மாதம் அலமாரியைக் குடைந்தபோது அந்தப் பிரசவச் சீட்டு கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருந்தாலும் 150/100 என்று நீல மையில் எழுதியது தெளிவாகத் தெரிந்தது. ஃபைலில் முதல் தாளாக அதைத்தான் வைத்திருக்கிறேன்.