வாலை எண்ணி ஏமாந்தேன்

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி செமஸ்டரில் ப்ராஜெக்டுக்கு நீர்ப்பூச்சி என்று எழுதிக்கொடுத்தபோது கூடப் படித்தவர்கள் சிரித்தார்கள். மூன்று மாதம் குற்றாலத்துக்குக் கீழே சிற்றாற்றின் பாறைப் பகுதியிலும் எங்கள் ஊர்க் குளத்திலுமாக அலைந்தேன். கொசுவலைத் துணியில் தைத்த வலை, வெள்ளை ட்ரே, பெயின்ட் பிரஷ், 10 மடங்கு கைலென்ஸ், ஆல்கஹால் ஊற்றிய பாட்டில்கள், கையில் இருந்தது இவ்வளவுதான்.

வகை பிரிக்க நான் மனப்பாடம் செய்து வைத்திருந்தது ஒரே ஒரு வரி: மூன்று வால் இருந்தால் மேஃப்ளை, இரண்டு வால் இருந்தால் ஸ்டோன்ஃப்ளை (இரண்டுமே இளம்பருவத்தைத் தண்ணீருக்குள் கழிக்கும் பூச்சிகள்). முதல் வாரம் கல்லுக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருந்த தட்டையான இரண்டு வால் பூச்சிகளையெல்லாம் ஸ்டோன்ஃப்ளை என்று லேபிள் ஒட்டினேன். மேடம் லென்ஸில் பார்த்துவிட்டு, "வாலை விடுப்பா, செவுள் எங்க இருக்கு பாரு" என்றார். வயிற்றின் இருபக்கமும் இலை இலையாக இருந்தது. காலின் நுனியில் ஒரே நகம். அப்படியென்றால் மேஃப்ளைதான். எப்பியோரஸ் என்ற பேரினத்துக்கு வாலே இரண்டுதானாம். ஸ்டோன்ஃப்ளைக்குக் காலுக்கு இரண்டு நகம், நான் பிடித்த பெர்லிடே குடும்பத்துக்குச் செவுள் கால் முளைக்கிற இடத்தில் பஞ்சுக் கொத்து மாதிரி இருக்கும். போதாததற்கு ஆல்கஹாலில் போட்டு ஆட்டினால் வால் உடைந்துவிடும், எண்ணிக்கையை நம்பவே முடியாது.

அடுத்த தப்பு, பிடித்ததை உடனே பாட்டிலில் போட்டது. கேடிஸ்ஃப்ளை என்ற இன்னொரு நீர்ப்பூச்சியில் ஹைட்ரோப்சைக்கிடே குடும்பத்துப் புழுவை (அந்த 'ப்' வாயில் வர எனக்கு ஒரு மாதம் ஆனது) கல்லிலிருந்து பிடுங்கிவிட்டால் கையில் இருப்பது வெறும் புழு, பின்னால் இரண்டு கொக்கி, வயிற்றுக்கு அடியில் முடிக்கற்றை போன்ற செவுள். கல்லை அசைக்காமல் தண்ணீருக்குள்ளேயே பார்த்தால்தான் அது பட்டு நூலில் கட்டிய வலை தெரியும், ஓட்டத்தில் வரும் துணுக்குகளை அதில் பிடித்துத் தின்கிறது. அதனால் அது வடிகட்டி உண்பது. எப்பியோரஸ் கல்லின் பாசியைச் சுரண்டித் தின்பது. இலையைக் கிழித்துத் தின்பவை, படிவைப் பொறுக்குபவை, வேட்டையாடுபவை என்று மிச்சத்தையும் சேர்த்து, அமெரிக்க ஆற்றுச் சூழலியலாளர் கென்னத் கம்மின்ஸ் 1970-களில் பூச்சிகள் தின்னும் முறையை வைத்துப் போட்ட பிரிவுகள்தான் எங்கள் அட்டவணையில் இருந்தன.

குளம் வேறு மாதிரி படுத்தியது. ஒரே கறுப்பு, ஒரே வழவழப்பாக இரண்டு வண்டு. உணர்கொம்பைப் பார் என்று கையேடு சொல்கிறது, பார்த்தால் இரண்டுக்கும் நூல் மாதிரிதான் நீட்டிக்கொண்டிருந்தது. ஹைட்ரோஃபிலிடே குடும்பத்து வண்டில் அது உணர்கொம்பே இல்லை, வாய்ப் பகுதியின் நீட்சி. உண்மையான கொம்பு குட்டையாக, நுனி தடித்து, தலைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. ட்ரேயில் நீந்த விட்டிருந்தால் இந்த ஒரு மணி நேரம் மிச்சம்: இன்னொன்றான டைட்டிசிடே குடும்பத்து வண்டு பின்னங்கால் இரண்டையும் ஒன்றாக உதைக்கும், ஹைட்ரோஃபிலிடே மாற்றி மாற்றி உதைக்கும். மூச்சுக்கு மேலே வரும்போது முன்னது வாலை நீட்டும், பின்னது தலையை.

அப்புறம் உயிரோடு பார்க்கலாம் என்று ஒருநாள் எல்லாவற்றையும் ஒரே டப்பாவில் ஆற்றுத் தண்ணீரோடு பஸ்ஸில் கொண்டுவந்தேன். பெரிய ஸ்டோன்ஃப்ளை ஒன்று மட்டும் தெம்பாக இருந்தது. குட்டி மேஃப்ளைகள் பதினான்கு போட்டதில் ஐந்துதான் மிச்சம், ஒன்றின் பாதி உடல் அந்த ஸ்டோன்ஃப்ளையின் வாயிலேயே இருந்தது. சரி, வேட்டையாடி என்ற கட்டத்தில் டிக் போட லென்ஸ் தேவைப்படவில்லை. அந்த நாள் கணக்கை மட்டும் அட்டவணையிலிருந்து அடித்துவிட்டு, அடுத்த சனிக்கிழமை தனித்தனி டப்பாவோடு மறுபடி போனேன்.