கை நிற்க வேண்டிய இடம்

இயன்முறை மருத்துவத்துக்குப் புதிதாக வருகிற இளையவர்கள் பெரும்பாலும் கருவிகளின் பக்கமே போய் நிற்கிறார்கள். மூட்டு அசைவுப் பயிற்சி அவர்களுக்குச் சின்ன வேலை. கையைத் தூக்கி இறக்குவதற்கு ஒரு படிப்பா என்று நோயாளியின் வீட்டாரும் கேட்பதுண்டு. என் பணியில் மிக நுட்பமானது எது என்று கேட்டால், தயங்காமல் இதைத்தான் சொல்வேன்.

அசையாமல் கிடக்கும் மூட்டு மெல்ல மாறிவிடுகிறது. மூட்டுறை சுருங்குகிறது, தசையின் நீளம் குறைகிறது. குருத்தெலும்புக்கு இரத்தக் குழாய்கள் கிடையாது. மூட்டுத் திரவம்தான் அதற்கு ஊட்டம், அந்தத் திரவத்தைப் பரப்புவது அசைவு. போர்வைக்கு அடியில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடந்தால், எழுந்து நிற்கும் நாளில் குதிகால் தரையைத் தொடாது. அதனால்தான் நினைவின்றிப் படுத்திருப்பவருக்கும் நாம் மூட்டுகளை அசைத்துவிடுகிறோம். தசை மெலிவதை இது தடுக்காது. அதற்கு நோயாளி தானாகவே அசைக்கத் தொடங்க வேண்டும், முதலில் நம் துணையோடு, பிறகு தனியாக.

எதுவரை அசைப்பது? பிரிட்டிஷ் மருத்துவர் ஜேம்ஸ் சிரியாக்ஸ் அசைவின் கடைசியில் கைக்குத் தட்டுப்படும் உணர்வை வகைப்படுத்தினார். முழங்கையை மடக்கினால் சதையோடு சதை சேர்ந்து மெத்தென்று நிற்கும். நீட்டினால் எலும்பில் எலும்பு பட்டுக் கெட்டியாக நிற்கும். தோளை வெளிப்புறம் திருப்பினால் தோல்வார் இழுபடுவதுபோல் மூட்டுறை பிடித்து நிறுத்தும். கைக்கு எந்தத் தடையும் தெரியாமலே நோயாளி வலியில் துடித்து நிறுத்தச் சொன்னால், அதற்கு மேல் இம்மியும் போகக் கூடாது. மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இதைப் படித்துத் தெரிந்துகொள்ளலாம், ஆனால் பழகுவது விரல்களில்தான்.

பக்கவாதம் வந்த தோளைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. கை தலைக்கு மேல் 180 பாகை உயர்கிறது என்றால், அதில் ஏறக்குறைய 120 தோள் மூட்டிலிருந்தும் 60 தோள்பட்டை எலும்பு சுழல்வதாலும் கிடைப்பவை. தளர்ந்துபோன தோளில் அந்த எலும்பு தானாகச் சுழலாது. மணிக்கட்டை மட்டும் பிடித்துக் கையை உயர்த்தினால் இடையில் உள்ள திசுக்கள் நசுங்கும். ஒரு கையால் தோள்பட்டை எலும்பைத் தாங்கி, அதையும் கூடவே நகர்த்த வேண்டும். நோயாளியைப் படுக்கையில் நகர்த்த அந்தக் கையையே பிடித்து இழுக்கிறவர்களைப் பார்க்கும்போது இன்றும் எனக்குப் பதறுகிறது.

அசைக்காமல் விடுவதும் சிகிச்சைதான் என்று எனக்கு உணர்த்தியவர்கள் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டவர்கள். ஆறாம் கழுத்து நரம்பின் மட்டத்தில் முழுமையாகப் பாதிப்பு இருந்தால் விரல்கள் இயங்காது; மணிக்கட்டை மட்டும் மேல்நோக்கி மடக்க முடியும். விரல்களை மடக்கும் தசைநாண்கள் சற்றுச் சுருங்கியிருந்தால், மணிக்கட்டு உயரும்போது விரல்கள் தாமாக மூடிக்கொள்ளும். இலேசான பொருளைப் பிடிக்க அந்தப் பிடியே போதும். அன்பு மிகுந்த உறவினர் ஒருவர் மணிக்கட்டையும் விரல்களையும் ஒருசேரப் பின்னுக்கு நீட்டி நீட்டிவிட்டால் அந்தப் பிடி போய்விடும். மணிக்கட்டு கீழே மடங்கியிருக்கும்போதுதான் விரல்களை நீட்டலாம் என்பதை வீட்டாரைச் செய்யவைத்துப் பார்த்த பிறகே அனுப்புகிறேன்.

முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்தவர்கள் எல்லோரும் கேட்பது, எத்தனை பாகை மடங்குகிறது என்று. கோணமானியை வைத்து அளந்து சொல்கிறேன். நாற்காலியிலிருந்து எழ 90 பாகைக்குச் சற்று மேல் வேண்டும் என்பதால் அந்தக் கேள்வி நியாயமானதே. ஆனால் நான் முதலில் பார்ப்பது கால் முழுதாக நீள்கிறதா என்பதை. சுகமாக இருக்கிறதென்று முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்துத் தூங்குகிறவர்களுக்கு அந்தக் கடைசிச் சில பாகைகள் கிடைப்பதில்லை. நிற்கும் நேரமெல்லாம் தொடைத் தசை வேலை செய்துகொண்டே இருக்கும், நடை நொண்டும். தலையணையைக் குதிகாலுக்கு அடியில் மாற்றச் சொல்கிறேன்.

மறுநாள் வந்ததும் அளப்பதற்கு முன்பு, வலி எவ்வளவு நேரம் இருந்தது என்றுதான் கேட்கிறேன். பயிற்சி முடிந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீடித்திருந்தாலோ, காலையில் வீக்கம் கூடியிருந்தாலோ, அன்றைய பயிற்சியைக் குறைத்துவிடுகிறேன்.