திடீர் கோபமா? முதலில் வலியைத் தேடுங்கள்

பேச்சு குறைவான அறிவுசார் குறைபாடுள்ள பெரியவர் திடீரென்று தலையைச் சுவரில் மோதிக்கொண்டால், "எப்பவும் அப்படித்தான்" என்று மனநல மாத்திரையைக் கூட்டிவிடுவது பெரிய அநியாயம். காதை அடைத்த குறும்பி, சொத்தைப் பல், சிறுநீர்த் தொற்று, எல்லாவற்றுக்கும் மேலாக மலச்சிக்கல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வாரத்துக்கு 3 முறைக்கும் குறைவாகப் போனாலோ, ஆட்டுப் புழுக்கைபோல வந்தாலோ நாள்காட்டியில் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டிப்போன மலத்தைச் சுற்றி நீராகக் கசிவதும் உண்டு. அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மலமிளக்கியை நிறுத்தினால் அடைப்பு முற்றிவிடும்.

அவர் உடலில் காரணம் தெரியாத காயம் இருந்தால், உடன் வந்தவரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவரிடமே கேளுங்கள். "அவர் அடித்தாரா?" என்றல்ல, "என்ன நடந்தது?" என்று. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒற்றைச் சொல்லானாலும் அவர் சொன்னதை அப்படியே, நேரத்தோடு, அன்றே எழுதிவையுங்கள்.