நான்கு மாதம் நின்றுபோன பராமரிப்பு உதவித்தொகை

போன வாரம் காலையில் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்தது: கணக்கில் 2,000 ரூபாய் வரவு. படுத்தபடியே போனைப் பார்த்து அழுதுவிட்டேன். மாற்றுத்திறனாளியான எனக்கு அரசு மாதாமாதம் தரும், நான்கு மாதமாக நின்றுபோயிருந்த பராமரிப்பு உதவித்தொகை அது. இதே சிக்கலில் மாட்டியிருப்பவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். அதனால் எல்லாம் ஞாபகத்தில் இருக்கும்போதே எழுதிவிடுகிறேன்.

முதலில் என் நிலைமை. ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு விபத்தில் கழுத்துத் தண்டுவடம் அடிபட்டது, சி6 லெவல். தோளும் மணிக்கட்டும் அசையும், விரல்கள் மடங்கியே இருக்கும், நெஞ்சுக்குக் கீழே உணர்வு கிடையாது. மூன்று வருடமாக வாடகை வீட்டில் தனியாக இருக்கிறேன். ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இரவில் ட்ரான்ஸ்ஃபர் போர்டு (சறுக்கி மாற உதவும் பலகை) வைத்து வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு நானே மாறிவிடுவேன். அதைப் பழக எட்டு மாதம் ஆனது. காலையில் மட்டும் ஆள் வேண்டும். ஆறரை மணிக்கு ஓர் அக்கா வருவார். மலம் வெளியேற்றுவது, கதீட்டர் பை, குளியல், உடை, வீல்சேரில் உட்கார வைப்பது, பின்பக்கம் எங்காவது தோல் சிவந்திருக்கிறதா என்று பார்ப்பது, எல்லாம் முடிய இரண்டு மணி நேரம் ஆகும். அவருக்கு மாதம் 4,000 கொடுக்கிறேன். பாதி என் சம்பாத்தியம், பாதி அரசு தரும் உதவித்தொகை. 1,500 ஆக இருந்ததைப் பிறகு 2,000 ஆக்கினார்கள். அந்தக் கூடுதல் 500 வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமையும் அக்காவை வரச் சொல்ல முடிந்தது.

முதல் மாதம் பணம் வராதபோது தாமதம் என்று நினைத்துக்கொண்டேன். நான் செய்த பெரிய தப்பு அதுதான். ஒரு மாதம் வரவில்லை என்றால் அடுத்த வாரமே விசாரியுங்கள். இரண்டாம் மாதமும் வராமல் போன பிறகு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போன் செய்தேன். நாலாவது முறைதான் எடுத்தார்கள்.

"வாழ்நாள் சான்று குடுக்கலையே மேடம். அதான் நிறுத்தியிருக்கு."

நான் உயிரோடு இருக்கிறேன் என்பதற்கான அந்தச் சான்றைக் கொடுத்திருந்தேன். வி.ஏ.ஓ. கையெழுத்து வாங்கி, அண்ணன் மூலமாக நேரில் கொடுத்தனுப்பினேன். வாங்கிய எழுத்தர் மேசையில் வைத்துக்கொண்டு "சரி, போங்க" என்றிருக்கிறார். ஒப்புகைச் சீட்டு கேட்க அண்ணனுக்குத் தோன்றவில்லை. இப்போது அந்தத் தாள் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, கொடுத்ததற்கு என்னிடமும் அத்தாட்சி இல்லை. நகல் ஒன்றை எடுத்துப் போய், அதில் தேதியோடு முத்திரை வாங்காமல் எந்தத் தாளையும் எந்த அலுவலகத்திலும் கொடுக்காதீர்கள். அவர்கள் முகம் சுளித்தாலும் கேளுங்கள்.

புதிதாக ஒன்று தரச் சொன்னார்கள். எங்கள் வி.ஏ.ஓ.வுக்கு இன்னொரு கிராமமும் கூடுதல் பொறுப்பு. இரண்டு நாள் போய்த் திரும்பினோம், மூன்றாம் நாள் கையெழுத்து கிடைத்தது. அதை எடுத்துக்கொண்டு இந்த முறை நானே போனேன். போக வர ஆட்டோவுக்கு 700 ரூபாய். வாசலில் இரண்டு படி, சாய்தளம் இல்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான அலுவலகத்துக்கே இந்த நிலை என்றால் மற்ற இடங்களைப் பற்றி என்ன சொல்ல? ஆட்டோக்காரரும் டீ வாங்க வந்த ஒருவரும் வீல்சேரோடு தூக்கி உள்ளே விட்டார்கள்.

எழுத்தர் தாளைப் பார்த்தார், கணினியைப் பார்த்தார். "யுடிஐடி நம்பர் ஏறலையே. பழைய புக்குதான் இருக்கு."

யுடிஐடி என்பது மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டை. அது என்னிடம் உண்டு, நீல நிற அட்டை. பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். அதில் என் பெயருக்குப் பின்னால் அப்பாவின் முழுப்பெயர், ஆதாரில் இனிஷியல் மட்டும். "ரெண்டும் ஒத்துப்போகாம ஏத்த முடியாது, திருத்திட்டு வாங்க" என்றார். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "நேர்ல பாத்தாதானே தெரியும்" என்றார். அப்புறம் மெதுவாக, "இதுக்கெல்லாம் நீங்க எதுக்கு அலையறீங்க, வீட்டுல யாரையாவது அனுப்புங்க" என்றார். அண்ணன் முன்பு போனபோது "சம்பந்தப்பட்டவங்க வரணும்" என்று சொன்னவரும் இவர்தான்.

பெயர்த் திருத்தத்தை யுடிஐடி இணையதளத்தில் நானே விண்ணப்பித்தேன். மூன்று வாரத்தில் ஒப்புதல் வந்தது, அதில் தொந்தரவு இல்லை.

இதற்கிடையில் வீட்டில் நடந்ததைத்தான் முக்கியமாகச் சொல்ல வேண்டும். 2,000 ரூபாய் குறைந்தால் செலவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தால் சரியாகிவிடும் என்று வெளியிலிருந்து பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். மூன்றாம் மாதத்தில் அக்காவை வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் வரச் சொன்னேன். அவருக்கும் குடும்பம் இருக்கிறது, மீதி நாள்களுக்கு வேறு வீடு பிடித்துக்கொண்டார். அக்கா வராத நாள்களில் நான் கட்டிலை விட்டு இறங்க முடியாது. படுத்தபடியே வகுப்பு எடுத்தேன். தோலைப் பார்க்க ஆள் இல்லை. உணர்வில்லாத உடம்பு எதையும் சொல்லாது. வால் எலும்புப் பக்கம் சிவந்திருந்தது எனக்குத் தெரியவே இல்லை. அக்கா வந்து பார்த்தபோது தோல் உரிந்திருந்தது. "ஏன் கண்ணு என்னைக் கூப்பிடல" என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெட் சோர் (படுக்கைப் புண்) வந்தால் என்ன ஆகும் என்று தண்டுவட பாதிப்பு உள்ளவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து வாரம் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். ஒருக்களித்தும் குப்புறவும் படுத்திருந்தேன். டிரெஸ்ஸிங்குக்கு மட்டும் நிறுத்தப்பட்ட தொகையை விட அதிகமாகச் செலவானது. ஏழு பிள்ளைகளில் நான்கு பேர் வேறு டியூஷனுக்குப் போய்விட்டார்கள். அதாவது உதவித்தொகையில் 2,000 நின்றதும் என் சொந்தச் சம்பாத்தியமும் அதோடு சரிந்தது. இன்னொரு மாதம் போயிருந்தால் வாடகை கொடுக்க முடிந்திருக்காது.

அண்ணன் அழைத்தார். "இங்கயே வந்துடு பாப்பா, நீ எதுக்குத் தனியா கஷ்டப்படற?" அன்பாகத்தான் கேட்டார். அவர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் இல்லை. அங்கே போனால் ஆஸ்பத்திரிக்குத் தவிர நான் கீழே இறங்கப் போவதில்லை. அண்ணி தன் வேலைக்கு நடுவில் எனக்கு எனிமா கொடுக்க வேண்டும். எந்த நேரத்தில் எழுவது, எந்த நேரத்தில் குளிப்பது என்பதை இன்னொருவர் வேலை முடியும் நேரம்தான் தீர்மானிக்கும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, குறிப்பிட்ட ஒரு வாழ்க்கை ஏற்பாட்டில்தான் வாழ வேண்டும் என்ற கட்டாயம் எங்களுக்கு இல்லாதபடி அரசு முயல வேண்டும் என்கிறது. தேவையான தனி உதவியாளர் வசதியையும் அதே பிரிவு பேசுகிறது. அந்த உரிமை என் வீட்டில் காலை ஆறரை மணிக்குக் கதவைத் தட்டும் அக்காவாகத்தான் இருந்தது. அவருக்குச் சம்பளம் தர முடியாவிட்டால் சட்டம் தாளில்தான் இருக்கும்.

புண் கொஞ்சம் ஆறியதும் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்குப் போனேன். மனுவை ஒரே பக்கத்தில் எழுதினேன். எந்த மாதத்திலிருந்து பணம் நின்றது, எத்தனை முறை போனேன், என்ன சொன்னார்கள், எல்லாம் தேதி வாரியாக. புண்ணின் படத்தையும் டாக்டர் சீட்டையும் பின்னால் வைத்தேன். புண்ணின் படத்தைக் காட்டக் கூசியது, ஆனால் அதைப் பார்த்த பிறகுதான் அதிகாரியின் பேச்சு மாறியது. மனு எண் கொடுத்தார்கள். அதற்கு முன்பே முதல்வரின் உதவி எண் 1100-க்கும் போன் செய்து புகாரைப் பதிவு செய்திருந்தேன். இரண்டையும் செய்யுங்கள், ஒன்றை நம்பி இன்னொன்றை விடாதீர்கள்.

பத்து நாளில் அதே அலுவலகத்திலிருந்து போன். "எல்லாம் சரி பண்ணியாச்சு மேடம். பேங்க்ல மட்டும் ஒரு தடவை பாத்துடுங்க." அங்கே இன்னொரு தடை. நான்கு மாதமாகப் பணம் ஏறாததால் கேஒய்சி (வங்கியில் தரும் அடையாள விவரம்) புதுப்பிக்காததை நான் கவனிக்கவில்லை, கணக்கை முடக்கி வைத்திருந்தார்கள். கைரேகை வைக்கச் சொன்னார்கள். விரல் நிமிராத கையில் மெஷின் எதைப் படிக்கும்? ஐந்து விரலையும் ஒவ்வொன்றாகப் பிரித்து அழுத்திப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. வரிசையில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தாளில் படிவம் எழுதி ஆவண நகல் வைத்து முடிக்கலாம் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்ததால், மேலாளரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவர் வந்தார், படிவம் தந்தார், கால் மணி நேரத்தில் முடிந்தது. விரல் ரேகை படியாதவர்கள் கவுன்டரில் போராட வேண்டாம், நேராக மேலாளரிடம் போங்கள்.

பணம் வந்த அன்று மாலை அக்காவைக் கூப்பிட்டேன். ஆறரைக்கு வேறு வீடு ஒத்துக்கொண்டுவிட்டார், எட்டரைக்குத்தான் வர முடியும் என்றார். சரி என்றேன். என் காலை நேர வகுப்பை மாலைக்கு மாற்றியிருக்கிறேன். இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்திருக்கிறார்கள்.

விடுபட்ட நான்கு மாத நிலுவை 8,000 ரூபாய் இன்னும் வரவில்லை. அதற்குத் தனியாக மனு கொடுத்திருக்கிறேன். நகலில் தேதியும் முத்திரையும் இருக்கின்றன.