மார்கழியில் ஒரு குதிரை: திருவொற்றியூர்க் கொட்டிலில் செய்து பார்த்தவை

சென்னைக் குளிரில் குதிரை நடுங்குமா என்று யாராவது கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் பகுதியில் குதிரை வைத்திருப்பவர்கள் கோணிச் சாக்கைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். முதுகில் சாக்கு, தொட்டியில் கூடுதல் கொள்ளு, கொட்டிலைச் சுற்றித் தார்ப்பாய். இந்தக் குளிர்காலத்தில் சிட்டு என் பொறுப்பில் இருந்ததால் மூன்றிலும் வழக்கத்தை விட்டு வேறு வழியில் போய்ப் பார்த்தேன்.

சிட்டு பெட்டைக் குதிரை, சுமார் 350 கிலோ இருக்கும். கல்யாண ஊர்வலங்களுக்குப் போய் வருகிறது. சொந்தக்காரரை எல்லோரும் பாய் என்றே கூப்பிடுவோம். முழங்கால் வலி வந்ததிலிருந்து காலை வேலைகளை என்னிடம் ஒப்படைத்துவிட்டார். எனக்குச் சம்பளம் தருவது அலுவலகம். குதிரை மேல் எனக்கு வெறும் பைத்தியம், அவ்வளவுதான்.

“மார்கழிப் பனி எலும்புக்குள் இறங்கும் தம்பி, சாக்கு இல்லாமல் விடாதே” என்றார் பாய். அவரோடு வாதாடுவது எனக்குப் பழக்கமில்லை. ஆனால் கணக்கு வேறு மாதிரி சொல்கிறது. மிதமான குளிருள்ள நாடுகளில் பழகிய குதிரைக்கு 5 டிகிரி வரை உடம்புச் சூட்டைக் காக்கக் கூடுதல் தீனியே தேவைப்படாது என்பார்கள். நம் ஊர்க் குதிரைக்கு அந்த எல்லை இன்னும் கொஞ்சம் மேலே என்றே வைத்துக்கொள்வோம். சென்னையில் மார்கழி விடியற்காலை பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கிறது. நகரத்தில் பதிவானதிலேயே மிகக் குறைவானது 13.9 டிகிரி.

குதிரையின் முடி குளிரில் சிலிர்த்து நிற்கும். முடிகளுக்கு இடையில் தங்கும் காற்றுதான் அதற்குப் போர்வை. சாக்கு அந்த முடியை அமுக்கிவிடுகிறது. கடற்காற்றில் சாக்கு ஈரத்தை வாங்கிக்கொண்டால் கேட்கவே வேண்டாம். கார்த்திகை மழையில் பக்கத்துக் கொட்டில் குதிரையைப் பார்த்தேன். முதுகெலும்பை ஒட்டிச் சின்னச் சின்னப் பொருக்குகள். ஒன்றைக் கிள்ளி எடுத்தால், வண்ணமடிக்கும் தூரிகை மாதிரி முடிக்கற்றையும் சேர்ந்து வந்தது. அடியில் இளஞ்சிவப்பாக ஈரத் தோல். டெர்மட்டோபிலஸ் என்ற பாக்டீரியாவின் வேலை. நனைந்த தோலில்தான் அது குடியேறும். எனவே சிட்டு நனைந்தால் வைக்கோலை முறுக்கித் திரியாக்கி, முடியின் போக்குக்கு எதிராகத் தேய்த்து உலர்த்தினேன். சாக்கு மூலையிலேயே கிடந்தது. குளம்பு கழுவும்போது அதன் மேல் நான் உட்கார்ந்துகொண்டேன்.

தார்ப்பாயையும் எல்லாப் பக்கமும் கட்டவில்லை. வடகிழக்கிலிருந்து சாரல் அடிக்கும் பக்கம் மட்டும், குதிரையின் முதுகு உயரத்துக்குக் கட்டினேன். அதற்கு மேலே திறந்தேதான் இருக்கிறது. எல்லாப் பக்கமும் மூடினால் மூத்திரத்திலிருந்து கிளம்பும் அம்மோனியா உள்ளேயே நிற்கும். அது மூச்சுக்குழாயை அரிக்கும். விடியற்காலையில் உள்ளே நுழைந்தவுடன் கண் எரிந்தால் குதிரைக்கு இரவு முழுவதும் எரிந்திருக்கிறது என்று பொருள்.

இனிக் கொள்ளு. குளிர்காலப் பராமரிப்பு என்றால் வடசென்னையில் நான் முதலில் பேச விரும்புவது இதைத்தான். மார்கழியில் கல்யாணம் இல்லை. ஊர்வலம் இல்லாததால் குதிரை மாதம் முழுவதும் சும்மா நிற்கிறது. அந்த மாதத்தில்தான் “குளிருக்குச் சூடு வேண்டும்” என்று கொள்ளைக் கூட்டுகிறார்கள். வேலை குறைந்து தானியம் கூடினால் வயிற்றுவலி வரலாம், குளம்புக்குள் அழற்சி வரலாம். சும்மா நின்ற குதிரையைத் திடீரென்று ஓட்டும்போது பின்தொடைத் தசைகள் கட்டையாக இறுகி நின்றுபோவதும் உண்டு. இத்தனைக்கும் காரணமாகக் கடைசியில் பழி விழுவது பனியின் மேல்!

குதிரைக்குச் சூடு தருவது நார்த்தீனி. புல்லும் வைக்கோலும் பெருங்குடலில் நொதிக்கும்போது மணிக்கணக்கில் வெப்பம் வந்துகொண்டே இருக்கும். ஆகவே கொள்ளைப் படிப்படியாக மூன்றில் ஒரு பங்காகக் குறைத்துப் புல்லைக் கூட்டினேன். உடல் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு உலர்தீனி என்பது பொது அளவு. சிட்டுவுக்கு 5 முதல் 7 கிலோ. பச்சைப் புல்லில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால், முழுவதும் பச்சையாகவே போட்டால் அது 25 கிலோவுக்கும் மேலே போகும். மழைநாளில் வரும் புல்கட்டை அவிழ்த்துப் பரப்பாமல் விட்டால் நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடித்துவிடும். மாடு சமாளிக்கலாம், குதிரைக்கு அது ஆபத்து. கட்டுக்குள் கையை விட்டுப் பார்த்து, வெதுவெதுப்பாக இருந்தால் அந்தப் பகுதியை ஒதுக்கிவிடுகிறேன்.

பாய்க்கு இது பிடிக்கவில்லை. “குதிரையைப் பட்டினி போடுகிறாயா?” என்று ஒரு நாள் நேராகவே கேட்டார். விலா எலும்பின் மேல் அவர் கையையே வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னேன். எலும்பு விரலுக்குத் தட்டுப்பட வேண்டும், கண்ணுக்குத் தெரியக் கூடாது. தடவிப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பீடி பற்ற வைத்தார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

தண்ணீர் விஷயம் நான் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. குளிர்நாடுகளில் உறையும் நிலையிலுள்ள தண்ணீரைச் சூடாக்கிக் கொடுத்தால் மட்டக்குதிரைகள் கூடுதலாகக் குடிப்பதைக் கண்டிருக்கிறார்கள். நானும் வெந்நீர் கலந்து வைத்தேன். சிட்டு முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டது. நம் தொட்டித் தண்ணீர் அப்படி என்ன குளிர்ந்துவிடப் போகிறது? பயன் தந்தது உப்புதான். ஊறவைத்த கொள்ளோடு நாளுக்கு ஒரு மேசைக்கரண்டி கல்லுப்பு சேர்த்ததும் வாளி சீக்கிரம் காலியாகத் தொடங்கியது. சாணத்திலும் அது தெரிந்தது. முன்பு சின்னதாக, கெட்டியாக விழுந்த உருண்டைகள், பிறகு தரையில் பட்டதும் பிளக்கும் பதத்துக்கு வந்தன. குளிர்காலத்தில் தண்ணீர் குறைந்து குடல் அடைத்துக்கொள்வதுதான் குதிரைக்காரன் பயப்பட வேண்டிய விஷயம். அதனால் காலையில் நான் முதலில் பார்ப்பது சாணத்தைத்தான், முகத்தை அல்ல.

குளம்பில் மழைக்காலத்தின் மிச்சம் இருந்தது. அடியில் ரப்பர் மாதிரி முக்கோணமாக இருக்கும் பகுதியின் நடுப்பள்ளத்தைக் கொக்கியால் சுரண்டினால் கறுப்பாக, குடலைப் புரட்டும் நாற்றத்தோடு அழுக்கு வந்தது. சுத்தமாக எடுத்து, உலர்த்தி, மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) கரைத்த நீரில் நனைத்த பஞ்சை அந்தப் பள்ளத்தில் வைத்தேன். ஆனால் நிற்கும் இடம் உலராமல் எந்த மருந்தும் நிற்காது. ஜல்லியும் மணலும் கொட்டித் தரையை உயர்த்தியபின்தான் நாற்றம் போனது. மணல் தரை என்றால் தீனியைக் கீழே போடக் கூடாது. மணலையும் சேர்த்து விழுங்கிக் குடலில் சேர்த்துக்கொள்ளும். தொட்டி ஒன்றைச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டேன்.

போகியன்றுதான் உண்மையாகவே கவலைப்பட்டேன். மணலிப் பக்கத்துத் தொழிற்சாலை மூட்டமும் தெருவில் எரிந்த டயர்ப் புகையும் பனியோடு சேர்ந்து தரையை விட்டு எழவே இல்லை. சிட்டு இரண்டு முறை இருமியது. வழக்கமான காலை நடையை நிறுத்தினேன். தூசி கிளம்பாதபடி வைக்கோலைத் தண்ணீரில் முக்கிக் கொடுத்தேன். மாலையில் காற்று மாறியதும் இருமல் நின்றது. நீடித்திருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம் என்று வண்டிக்காரரிடம் சொல்லியும் வைத்திருந்தேன்.

தை பிறந்துவிட்டது, முதல் ஊர்வலத்துக்கு முன்பணமும் வந்துவிட்டது. கொள்ளை ஒரே நாளில் பழைய அளவுக்கு ஏற்றாமல் இரண்டு வாரத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன். நடையோடு கொஞ்சம் ஓட்டமும் சேர்த்தாயிற்று. லாடம் அடிப்பவர் இந்த வாரம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். பேண்டு வாத்தியச் சத்தத்துக்குச் சிட்டுவை மறுபடியும் பழக்க வேண்டியதுதான் பாக்கி.