320-ஆ, 380-ஆ? கொள்ளுத்தாத்தாவின் ரிவால்வரை அடையாளம் கண்ட கதை

அப்பா காலமான மறுவாரமே, கொழிஞ்சாம்பாறை வீட்டுப் பீரோவில் இருந்த ரிவால்வரைப் பாலக்காட்டில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடை ஒன்றில் ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். உரிமதாரர் இறந்த பிறகு ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றமாகிவிடும். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆவது பிரிவு அதைத் தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைக்கச் சொல்கிறது. வாரிசுச் சான்று, தங்கையின் சம்மதப் பத்திரம், மருத்துவச் சான்று எல்லாம் நேரமெடுத்தாலும் சிக்கலில்லாமல் கிடைத்தன. சிக்கல் முழுவதும் அப்பாவின் உரிமப் புத்தகத்தில் இருந்த ஒரே ஒரு வரியில் இருந்தது: "ரிவால்வர், வெப்லி, இங்கிலாந்து, .380". கடைசி எண் தோட்டாவின் அளவைக் குறிப்பது.

உரிமத்தை என் பெயருக்கு மாற்றக் கேட்டு விண்ணப்பத்தைக் கொடுத்த அன்று, உரிம அலுவலக எழுத்தர் அந்த வரியைப் பார்த்துவிட்டு, "இது தடை செய்யப்பட்ட ரகம் சாரே, டெல்லிக்குப் போக வேண்டிய ஃபைல், இங்கே ஒன்றும் செய்ய முடியாது" என்று கட்டை அப்படியே திருப்பித் தந்தார். விதி எது என்று கேட்டதற்குப் பதில் இல்லை. பிறகு நானே 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின் முதல் அட்டவணையைத் தேடிப் படித்தேன். .380 அல்லது .455 விளிம்புத் தோட்டாவை (அடியில் விளிம்பு துருத்தியது) ஏற்றிச் சுடக்கூடிய கைத்துப்பாக்கி எதுவாயினும் தடை செய்யப்பட்ட வகையில்தான் சேரும் என்று அதில் இருக்கிறது. எழுத்தர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அதே வரியை வைத்துக்கொண்டு அப்பாவுக்கு எத்தனையோ முறை உரிமம் புதுப்பித்துத் தந்ததும் அதே அலுவலகம்தான் என்பது இன்றும் எனக்கு ஆறவில்லை. ஒருவராவது ஆயுதத்தையும் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் எனக்கு ஏழு மாதம் மிச்சமாகியிருக்கும்.

நெல்லியாம்பதி காப்பித் தோட்டத்துத் துரை ஒருவரிடம் கொள்ளுத்தாத்தா வாங்கிய "வெப்லி" என்றுதான் எங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லி வந்தார்கள். அந்தப் பெயரை நம்பி, துப்பாக்கியின் உடற்சட்டத்தில் இருந்த எண்ணை வெப்லி நிறுவனத்தின் வரிசை எண்களோடு ஒப்பிடுவதில் ஒரு மாதத்தை வீணாக்கினேன். எதுவும் பொருந்தவில்லை. இதே வேலையில் இறங்குகிறவர்கள் எண்ணிலிருந்து தொடங்க வேண்டாம். பல பழைய கைத்துப்பாக்கிகளில் அது பாகங்களைப் பொருத்துவதற்காக இடப்பட்ட எண் மட்டுமே. சோதனை முத்திரைகளை, அதாவது துப்பாக்கி பாதுகாப்பாகச் சுடுகிறதா என்று சோதித்த பின் இடும் அடையாளங்களைப் பாருங்கள். வெப்லியைப் போலப் பர்மிங்காமில் செய்த துப்பாக்கி என்றால் அந்த ஊர்ச் சோதனைச் சாலையின் முத்திரை கட்டாயம் இருக்கும்: 1904க்கு முன் கிரீடத்தோடு குறுக்காக வைத்த இரு செங்கோல்கள், 1904க்குப் பின் கிரீடத்தின் கீழ் பி.வி., பி.பி., என்.பி. என்ற எழுத்துகள்.

முத்திரைகளைத் தேடப் போனபோதுதான் பெரியப்பா செய்த வேலை தெரிந்தது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் ரிவால்வரைத் துடைத்துச் சந்தனம் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். ஒரு வருடம் துரு பிடித்திருக்கிறது என்று அவர் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார். குழலின் மேல்புறமும் உடற்சட்டத்தின் இடப்பக்கமும் வழவழவென்று ஆகி, எழுத்து இருந்த சுவடுகூட இல்லை. பழைய துப்பாக்கி வீட்டில் இருந்தால் மெல்லிய எண்ணெய்த் துணியைத் தவிர வேறெதுவும் அதன்மேல் படக்கூடாது என்று கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

நல்லவேளையாக, உப்புத்தாள் எட்டாத இடம் ஒன்று இருந்தது. கடைக்காரர் தோட்டா அறைகள் கொண்ட உருளையைக் கழற்றி அதன் பின்முகத்தை விளக்கில் காட்டினார். ஒரு நீள்வட்டம், அதற்குள் ஈ.எல்.ஜி. என்ற மூன்று எழுத்துகள், கீழே ஒரு நட்சத்திரம். இங்கிலாந்து முத்திரையே அல்ல. பெல்ஜியத்தின் லியேஜ் நகரச் சோதனைச் சாலை முத்திரை. வெப்லி 1872இல் கொண்டுவந்த "புல்டாக்" என்னும் குட்டைக் குழல் ரிவால்வரைப் பார்த்து லியேஜ் பட்டறைகள் ஏராளமாகச் செய்து விற்றன. அந்த வடிவத்தைப் பார்த்தவர்கள் வெப்லி என்று சொல்ல, அதுவே உரிமப் புத்தகத்திலும் ஏறியிருக்கிறது.

ஆண்டும் அந்த முகத்திலேயே இருந்தது. லியேஜ் நீள்வட்டத்தின் மேல் 1893 முதல் கிரீடம் வைக்கப்பட்டது. எங்களுடையதில் கிரீடம் இல்லை. சோதித்த ஆய்வாளர் தனியே இடும் எழுத்துக்கு மேல் 1877 வரை கிரீடமும் அதற்குப் பின் நட்சத்திரமும் இடப்பட்டன, எங்களுடையதில் நட்சத்திரம். ஆகவே 1877க்கும் 1893க்கும் இடைப்பட்டது. சில்லிடும் அந்த இரும்பைக் கையில் வைத்துக்கொண்டு, கொள்ளுத்தாத்தாவின் கைக்கு வரும்போதே இது பழைய பொருள்தான் என்று உணர்ந்த அந்தக் கணத்துக்காக எத்தனை நடையும் நடக்கலாம் என்று தோன்றியது.

நூறு ஆண்டுக்கு மேல் பழையது என்று தெரிந்ததும், "அப்படியானால் உரிமமே வேண்டாமே" என்று நண்பர்கள் இருவர் சொன்னார்கள். அந்தப் பேச்சை நம்ப வேண்டாம். ஆயுதச் சட்டத்தின் 45ஆவது பிரிவு தரும் விலக்கு, பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்கு மட்டுமே. எங்களுடையதன் சுத்தியலும் உருளையும் இன்றும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

மீதி இருந்தது அளவு. வெர்னியர் அளவி வைத்துப் பார்த்ததில் குழல் வாய் எட்டு மில்லிமீட்டர் அளவில் இருந்தது; .380 என்றால் ஒன்பதரையை ஒட்டி இருந்திருக்க வேண்டும். கடைக்காரர் ".32 போர்" (போர் என்பது குழலின் உள்விட்டம்) என்று ஒரு வரி எழுதித் தந்த கடிதத்தோடு போனேன். அளவும் இல்லை, அளந்த விதமும் இல்லை என்று திருப்பினார்கள். அடுத்த முறை காவல்துறை ஆயுதப்படையின் ஆர்மரர் (ஆயுதங்களைப் பராமரிப்பவர்) பரிசோதிக்க உத்தரவு வேண்டுமென்று தமிழில் மனு எழுதினேன். மலையாளத்தில் எழுதி வாருங்கள் என்றார்கள். கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுக்குத் தமிழிலேயே எழுதும் உரிமையைத் தருகிறது என்பதை மேலதிகாரியிடம் எடுத்துச் சொன்னேன். அவர் ஒரு சொல்லும் மறுக்காமல் வாங்கி முத்திரை போட்டார். சித்தூர்த் தாலுகாத் தமிழர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆர்மரர் பொறுமையான மனிதர். .380 வெற்றுத் தோட்டா ஒன்றை ஐந்து அறைகளிலும் வைத்துப் பார்த்து, ஒன்றில்கூட நுழையவில்லை என்பதைக் குழல், அறை இரண்டின் அளவுகளோடு எழுதிக் கையெழுத்திட்டார்.

அதே வாரம் அம்மா பழைய மரப்பெட்டியின் அடியிலிருந்து, கொச்சி சமஸ்தானக் காலத்துத் தாத்தாவின் உரிமப் புத்தகத்தை எடுத்துத் தந்தாள். அதில் மையால் எழுதியிருந்த எண் .320. நடுவிலிருக்கும் 2-இன் வால் மேலே சுழித்து 8 போலத் தெரிந்தது. பின்னாளில் புதுப் புத்தகத்துக்கு மாற்றி எழுதியவர் அதை அப்படியே 8 என்று எழுதிவிட்டார். எழுத்தரின் மேசையில் இரண்டு புத்தகங்களையும் ஆர்மரர் அறிக்கையையும் வரிசையாக வைத்தபோது, அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மிகவும் கிட்டத்தில் வைத்து அந்த எண்ணைப் பார்த்தார். பிறகு எதுவும் பேசாமல் ஃபைலில் குறிப்பு எழுதத் தொடங்கினார்.

சென்ற மாதம் வந்த புதிய உரிமத்தில் இப்படி இருக்கிறது: "ரிவால்வர், பெல்ஜியம், .320, ஐந்து அறை". கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் அந்த எண்ணை மூன்று முறை படித்தேன்.